சூரியன் ஒட்டிய ரேடியோ

காலை மழை ஓய்ந்த நேரம். எங்கள் வானொலி நிலையத்தின் வரவேற்பறையில் ஒருவர் மடியில் ரேடியோப் பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்டது. தொப்பியைக் கழற்றி முழங்காலில் மாட்டியிருந்தார். பெட்டிக்குக் குரோஷாப் பின்னலில் ஓர் உறை. கைப்பிள்ளையோடு பஸ் ஏறி வந்தவர் மாதிரி அதை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தார்.

அவர் தலைக்கு மேலே சுவரில் எங்கள் புதிய சின்னம் இருந்தது. மஞ்சள் பிளாஸ்டிக்கில் ஓர் அரைச் சூரியன். உள்ளே விளக்கு எரியும். அந்த மஞ்சள் அவர் வழுக்கைத் தலையிலும் விழுந்துகொண்டிருந்தது.

வரவேற்பில் இருந்த பெண் என்னைப் பார்த்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டு கண்ணால் அவரைக் காட்டினாள். "மிஸ், இவர் ரேடியோவ ரிப்பேர் பண்ணித் தரச் சொல்றார். இது கடைன்னு நினைச்சிட்டார் போல" என்று கிசுகிசுத்தாள்.

அவர் எழுந்து நின்றார். உறையை விலக்கினார். முள் ஓடுகிற கண்ணாடியின் மேல் அதே அரைச் சூரியன், உள்ளங்கை அளவு ஸ்டிக்கராக, ஒரு சுருக்கம் இல்லாமல் ஒட்டியிருந்தது. அதன் விளிம்பில் அடியிலிருந்த பழைய ஸ்டிக்கர்கள் கொஞ்சம் தெரிந்தன.

"போன்சூர், மதாம். ஒட்டச் சொன்னீங்க, ஒட்டிட்டேன். சத்தம் வரல" என்றார்.

அவர் பேசியது கிரியோல். மொரீஷியஸ் தமிழர்கள் வீட்டிலும் தெருவிலும் பேசுவது அதைத்தான். நான் இங்கே தமிழில் எழுதுகிறேன். எப்படி எழுதினாலும் அந்தக் குரலில் இருந்த மரியாதை வராது. குறை சொல்ல வந்தவர் குரல் இல்லை அது. தன் பக்கம் ஏதாவது தவறா என்று கேட்க வந்தவர் குரல்.

அவர் யார் என்று எனக்குச் சற்று நேரம் கழித்துத்தான் தெரிந்தது. தெரிந்தபோது உட்கார இடம் தேடினேன். அதைச் சொல்வதற்கு முன்னால் ஸ்டிக்கர் கதையைச் சொல்லியாக வேண்டும்.

எந்தப் பெயரைச் சொல்வது?

'மொரீஷியஸில் எந்த வானொலியில் வேலை பார்த்தீர்கள், அதன் பெயரை எழுதாமல் ஏன் மழுப்புகிறீர்கள்' என்று மதுரையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார். மழுப்பவில்லை அம்மா. எந்தப் பெயரை எழுதுவது என்று தெரியவில்லை. நான் இருந்த காலத்தில் அது மூன்று பெயர் வைத்துக்கொண்டது. எனக்குப் பிறகும் வைத்துக்கொண்டதாகக் கேள்வி.

நான் கும்பகோணத்திலிருந்து தமிழ் சொல்லிக்கொடுக்கப் போனவள். பகலில் பள்ளிக்கூடம். அது போக, வானொலியில் தமிழ் அரைமணி நேரம் ஒன்று இருந்தது. நன்றாக வாசிக்க ஒரு குரல் வேண்டும் என்றார்கள், போனேன். அப்போது எழுபதுகள். தீவெங்கும் கரும்பு. அங்கங்கே கரும்பை வெட்டிவிட்டுத் துணி ஆலைகள் முளைக்க ஆரம்பித்த நேரம்.

முதல் பெயர் 'வுவா தே லீல்'. தீவின் குரல் என்று அர்த்தம். சின்னம் வட்டமானது. நடுவில் ஒரு கரும்புக் கட்டு, அதற்குப் பின்னால் ஒலிபரப்புக் கோபுரம். சுற்றிலும் வளையமாக, அந்தத் தீவில் யார் யார் என்னென்ன எழுத்தில் சாமி கும்பிடுகிறார்களோ அத்தனை எழுத்திலும் நிலையத்தின் பெயர். தமிழ் கீழே இடது பக்கம் இருக்கும். கலை ரசனை உள்ளவர்கள் அதைப் பார்த்தால் கல்யாணப் பந்தியில் எல்லாருக்கும் இடம் போட்டு நெருக்கியடித்த மாதிரி இருக்கிறது என்பார்கள். எனக்கு அந்த நெருக்கடி பிடித்திருந்தது.

அதை ஸ்டிக்கராக அடித்துக் கடை கடையாகக் கொடுத்தார்கள். எங்கே ஒட்ட வேண்டும் என்று நிலையத்தில் யாரும் சொல்லவில்லை. ஜனங்களே ஓர் உபாயம் கண்டுபிடித்தார்கள். வீட்டில் விவரம் தெரிந்த ஒருவர் குமிழைத் திருகி நிலையத்தைப் பிடிப்பார். முள் எங்கே நிற்கிறதோ அந்த இடத்தில், சின்னத்தில் உள்ள கோபுரத்தின் நுனி முள்ளைத் தொடுகிற மாதிரி, கண்ணாடி மேல் ஸ்டிக்கரை ஒட்டிவிடுவார். பிள்ளைகள் குமிழைத் திருகி விளையாடினாலும் முள்ளைத் திரும்ப ஸ்டிக்கருக்குக் கொண்டுவந்தால் போதும். எண் படிக்கத் தெரிய வேண்டாம். வடக்கே பாம்ப்ளமூஸ் தொடங்கித் தெற்கே சுயாக் வரை நான் போன வீடுகளில் எல்லாம் இப்படித்தான். எங்கள் நிலையத்துக்கு அலைவரிசை எண் என்று ஒன்று உண்டு என்பதே நேயர்களில் பலருக்குத் தெரியாது.

பிறகு ஹோட்டல்கள் வந்தன. வெள்ளைக்காரர்கள் விமானம் விமானமாக வந்து கடற்கரையில் படுத்துக்கொண்டார்கள். எங்கள் நிலையம் 'ராடியோ அலிஸே' ஆனது. அலிஸே என்றால் கடல் காற்று. சின்னத்தில் கரும்புக்குப் பதில் ஒரு பாய்மரம். வளையத்தையும் அதிலிருந்த எழுத்துகளையும் எடுத்துவிட்டார்கள்.

கூட்டத்தில் நான், "எங்க எழுத்து எங்கே?" என்று கேட்டேன். அப்போதைய இயக்குநர் நல்ல மனிதர். "ஹோட்டல் பஸ் வேகமாப் போகும், மதாம். ஜன்னல்லேர்ந்து பார்க்கிறவனுக்குப் படமா இருந்தாத்தான் பிடிபடும்" என்றார். பஸ்ஸில் போகிறவனுக்காக வீட்டில் இருப்பவன் பெயரை அழிப்பதா என்று கேட்டிருக்கலாம். அப்போது தோன்றவில்லை, மறுநாள் குளிக்கும்போது தோன்றியது. தமிழ் அரைமணி நேரமும் சாயங்காலத்திலிருந்து விடிகாலைக்குப் போய்விட்டது.

ஜனங்கள் பாய்மரத்தை வாங்கிப் பழைய கரும்பின் மேலேயே ஒட்டினார்கள். அலைவரிசை மாறாததால் குரல் எப்போதும்போல வந்தது. அதனால் அவர்களுக்கு ஒரு பாடம் பதிந்துவிட்டது. நிலையம் பெயரை மாற்றும், புது ஸ்டிக்கர் தரும், பழையதன் மேல் ஒட்டினால் குரல் வரும். இதில் முட்டாள்தனம் எதுவும் இல்லை. அதுவரை அது அப்படித்தான் நடந்திருந்தது.

அவி

தமிழ் அரைமணியில் பாட்டு உண்டு, தேவாரம் உண்டு, கோயில் செய்தி உண்டு. உண்மையைச் சொன்னால், ஜனங்கள் எழுந்து உட்கார்ந்து கேட்டது அவற்றை அல்ல. 'அவி' என்று அங்கே சொல்லுவார்கள். சாவு அறிவிப்பு.

இன்னார், இன்ன ஊர், காலமானார், இன்னாரின் மனைவி, இன்னாரின் தங்கை, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள். பிரெஞ்சில் ஒருமுறை பொதுவாக வாசிப்பார்கள். தமிழ்க் குடும்பங்கள் தனியாகத் தமிழிலும் வாசிக்கச் சொல்வார்கள். வாசிக்கச் சொன்னவர்களுக்கே நான் வாசிப்பது புரியாது. 'இறைவனடி சேர்ந்தார்' என்பதெல்லாம் அவர்களுக்கு ஓசைதான். பெயரும் ஊரும் வரும்போது மட்டும் தலையை நிமிர்த்துவார்கள். ஆனாலும் செத்தவரைத் தமிழில் அனுப்பாவிட்டால் அவர்களுக்கு மனசு ஆறாது.

இதில் ஒரு சட்டம் இருந்தது, எங்கும் எழுதாத சட்டம். வானொலியில் சொல்லிவிட்டால் தீவு முழுக்க நேரில் போய்ச் சொன்னதாக அர்த்தம். 'எனக்கு ஆள் அனுப்பவில்லையே' என்று யாரும் கோபித்துக்கொள்ள முடியாது. அதே மாதிரி, அவியில் கேட்டும் வராதவனை யாரும் மன்னிப்பதில்லை. வீட்டில் டெலிபோன் இருந்தவர்கள் சொற்பம். ஆள் தேடி யார் போவது? பகையாளிகூட அவி கேட்டால் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு வந்துவிடுவான்.

லெச்சுமி

ட்ரியோலே கோயிலில் சனிக்கிழமைகளில் நான் பெரியவர்களுக்குத் தமிழ் வகுப்பு எடுத்தேன். அங்கே வந்தவள் லெச்சுமி. பின்னலாடை ஆலையில் வேலை. தீவில் பாதிப் பெண்கள் அப்போது ஐரோப்பாவுக்கு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார்கள். விரல் நுனியெல்லாம் கம்பளி நூலின் பிசிறு இருக்கும். நல்ல குரல். தேவாரத்தை ரோமன் எழுத்தில் எழுதிவைத்துப் பாடுவாள், அர்த்தம் தெரியாது. கேட்டால், "சாமிக்குத் தெரியும் இல்ல, மிஸ்" என்று சிரிப்பாள்.

அவள் பிறந்தது தெற்கே கடல் அறையும் சுயாக்கில். அப்பா அம்மா சீக்கிரம் போய்விட்டதால் அண்ணன்தான் வளர்த்தான். சர்க்கரை ஆலையில் வேலை பார்த்த முத்தேன். தங்கை ஆலை வேலைக்கு வடக்கே வந்தாள். வந்த இடத்தில் ஒரு பஸ் கண்டக்டரைக் கல்யாணம் செய்துகொண்டாள். போஜ்புரிக்காரர் குடும்பம். நம் ஊரில் இருந்து பார்த்தால் இவர்களும் இந்து, அவர்களும் இந்து, இதில் என்ன என்று தோன்றும். அங்கே போய்ச் சொல்லிப் பாருங்கள் தெரியும்.

"நீ உசிரோட இருக்கிற வரைக்கும் உன் வாசல மிதிக்க மாட்டேன்" என்று அண்ணன் சொல்லிவிட்டார். சொன்னபடியே இருந்தார். அவள் பையன் வளர்ந்து ஹோட்டலில் வேலைக்குப் போகும் வயசு வந்தும் வரவில்லை. அவர் வாசலுக்கு யாரும் வரக் கூடாது என்றும் சொல்லியிருந்தார். காவடிக்கு அலகு குத்திக்கொள்கிற ஊர் அது. வாக்கு கொடுத்தால் பிடித்துக்கொண்டு தொங்குவார்கள்.

லெச்சுமி மாதம் ஒரு பாட்டுக் கேட்பாள், வானொலியில். யாருக்கு என்று நான் கேட்டால், "சுயாக்ல ஒரு நேயருக்குன்னு மட்டும் சொல்லுங்க, மிஸ். பேர் வேண்டாம். பேர் சொன்னா அண்ணே ரேடியோவ மூடிடும்" என்பாள். நானும் அப்படியே சொல்வேன். சுயாக்கிலிருந்து ஒரு பதிலும் வந்ததில்லை.

பிறகு அவளுக்கு நோய் கண்டது. முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடுகிற வகை. ஒரு சனிக்கிழமை வகுப்பு முடிந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, தமிழும் கிரியோலும் கலந்து கேட்டாள்.

"பிறந்த வீட்டுக் கோடி அண்ணன்தான் போடணும், இல்ல மிஸ்?"

"ஆமாம்."

"அப்ப வரும். நான் செத்தா வாக்கு முடிஞ்சிது. அவி கேட்டா அண்ணே வரும். ஒரு நாளும் அவி கேக்காம இருந்ததில்ல அது. தமிழ்ல நீங்க வாசிக்கணும். சுயாக் முத்தேன் தங்கச்சின்னு சொல்லணும்."

சாவைப் பற்றிப் பேசுகிறாள் என்றே தோன்றாது. அண்ணன் வீட்டுக்கு வரப்போகிற நாளைக் குறித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தாளவில்லை.

மூன்றாவது பெயர்

அந்த மாதத்தில்தான் எங்கள் நிலையம் 'சொலேய் எஃப்.எம்.' ஆனது. சொலேய் என்றால் சூரியன். வெளிநாட்டிலிருந்து ஓர் ஆலோசகரை வரவழைத்தார்கள். முதல் சின்னத்தைத் திரையில் காட்டி, வளையத்தில் இருந்த எழுத்துகளை, "சட்டையில் அச்சடித்தால் எறும்பு மாதிரி இருக்கும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் அந்த எறும்புகளில் ஒன்று என்பதை மறந்து எனக்குக் காப்பி நீட்டினார்கள்.

சூரியனைக் காட்டினார். கைதட்டல். பழைய மத்திய அலையை மாதக் கடைசியில் நிறுத்திவிட்டு எல்லாம் எஃப்.எம்.முக்கு மாறுகிறது என்றார்கள்.

நான் கேட்டேன். "கிராமத்துல பழைய பெட்டி வெச்சிருக்கிறவங்களுக்கு எஃப்.எம். வராதே?"

"புதுசு வாங்குவாங்க, மதாம். இப்ப எல்லார் கையிலும் ஆலைச் சம்பளம் இருக்கு."

"பழசுல வராதுன்னு சொல்லவாவது வேண்டாமா?"

ஆலோசகர் என்னைப் பார்த்துப் பரிவோடு புன்னகை செய்தார். ஒரு புதிய பெயரை அறிமுகப்படுத்தும்போது 'வராது', 'கிடைக்காது' போன்ற சொற்கள் கூடாதாம். நான் விடாமல் பிடுங்கியதில் கடைசியில் இறங்கி வந்தார்கள். பழைய பெட்டிகள் பற்றி ஓர் அறிவிப்பு ஒலிபரப்பானது. எதில் என்றால், எஃப்.எம்.மில். பழைய அலையை நிறுத்திய பிறகு. கேட்க வேண்டியவர்கள் யாருக்கும் கேட்க வழியில்லாத இடத்தில் நின்றுகொண்டு அவர்களுக்குச் செய்தி சொன்னோம். தலையில் அடித்துக்கொள்வது தவிர எனக்கு வேறு வேலை இருக்கவில்லை.

ஆனால் ஸ்டிக்கர் மட்டும் எல்லா மூலைக்கும் போய்ச் சேர்ந்தது. மஞ்சள் சட்டை போட்ட பெண்கள் ஆலை வாசலிலும் பஸ் நிலையத்திலும் நின்று கொடுத்தார்கள். பழைய அலை நின்றுபோகும் நாள் வரை அதில் ஒரு பாட்டு ஓடியது. "கோல் சொலேய் லோர் ஊ ராடியோ." உங்கள் ரேடியோவில் சூரியனை ஒட்டுங்கள். ஒட்டினார்கள்.

அடுத்த வாரம் முழுக்கத் தொலைபேசி வந்தது. ஒட்டியும் வரவில்லை என்று. கொஞ்சம் தள்ளி ஒட்டிப் பார்க்கட்டுமா என்று ஒருவர் கேட்டார். நிலையத்தில் அதை நடித்துக் காட்டிச் சிரிக்கிறவர்கள் இருந்தார்கள்.

கோடி வராத வீடு

லெச்சுமி ஒரு மாலையில் இறந்தாள். மறுநாள் விடிகாலை அவியை நான்தான் வாசித்தேன். அவள் சொன்னபடியே, 'சுயாக் முத்தேனின் தங்கை' என்று வாசித்தேன். பிரெஞ்சு அறிவிப்பில் புருஷன் வீட்டுப் பெயர் மட்டும்தான் இருந்தது, அதைக் கேட்டு சுயாக்கில் யாருக்கும் அடையாளம் தெரிந்திருக்காது. வாசித்துவிட்டு நேரே ட்ரியோலேக்குப் பஸ் ஏறினேன்.

போஜ்புரிக்காரர்களுக்குப் பிறந்த வீட்டுக் கோடி என்கிற நம் வழக்கம் தெரியாது. ஆனால் அவள் மகனிடம் அழுத்திச் சொல்லியிருந்தாள். அண்ணன் கொண்டுவருகிற புடவையைத்தான் தன்மேல் போட வேண்டும், வேறு யார் போட்டாலும் கூடாது என்று. மகன் விக்ரம் அதை அப்படியே பிடித்துக்கொண்டான். ஆலைத் தோழிகள் காசு போட்டு ஒரு புடவை வாங்கிவந்தார்கள். அவன் கும்பிட்டு வாங்கி ஓரமாக வைத்துவிட்டான்.

தெற்கிலிருந்து விடிகாலையில் கிளம்பினால் உச்சிக்குள் வந்துவிடலாம். உச்சி ஆனது. ட்ரியோலே சாலை நீளமானது. வாசலில் நின்றால் வருகிற பஸ் தூரத்திலிருந்தே தெரியும். ஒவ்வொரு பஸ்ஸுக்கும் விக்ரம் கேட் வரை போய்த் திரும்பினான். எடுக்கிற நேரம் தாண்டியது. புரோகிதர் இரண்டு தரம் தொண்டையைக் கனைத்தார். இன்னும் ஒரு பஸ் பார்ப்போம் என்றான் பையன். பார்த்தோம்.

வெயில் இறங்கினபோது எடுத்துவிட்டார்கள். அவள் மேல் கோடி இல்லை. கட்டியிருந்த புடவையோடே போனாள்.

"என்ன மனுஷன் இவன்" என்று அந்த வாசலில் நின்று நானும் சொன்னேன். கூட இருந்த எல்லாரும் சொன்னார்கள். அவரிடம் இருப்பது பழைய பெட்டியாக இருக்கலாம் என்று, கூட்டத்தில் அதற்காக வாதாடிய எனக்கே தோன்றவில்லை. அந்த மனுஷனை அதற்குப் பிறகும் தினமும் மனசுக்குள் வைதுகொண்டிருந்தேன்.

வரவேற்பறையில்

மழை ஓய்ந்த காலைக்குத் திரும்புகிறேன்.

"எந்த ஊர்லேர்ந்து வரீங்க?" என்று கேட்டேன்.

"சுயாக்."

"பேரு?"

"முத்தேன்."

அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். ரேடியோவைத் துடைத்து உறையைச் சரிசெய்தபடி அவர் பேசிக்கொண்டிருந்தார். புது ஸ்டிக்கரைப் பஸ் நிலையத்தில் வாங்கினாராம். ஒட்டின நாளிலிருந்து இரைச்சல் மட்டும் வருகிறதாம். பாட்டரி மாற்றிப் பார்த்தாராம். ஸ்டிக்கரில்தான் கோளாறோ என்று ஆவி காட்டிப் பிரித்து, பசை போட்டுத் திரும்ப ஒட்டினாராம்.

"பாட்டு வராட்டி போகுது. அவி கேக்கல, அதான் மனசு சரியில்ல. நம்ம ஆளுங்க யாராச்சும் போயிருந்தா சொல்லுங்க. போகாம இருந்தா தப்பாயிடும்."

"உங்களுக்கு யார் இருக்காங்க?"

"யாரும் இல்ல. ட்ரியோலேல ஒரு தங்கச்சி. அவளுக்கு வயசாகல இன்னும்."

நான் வாயைத் திறந்தேன். என் தொழிலே அதுதான், சாவுச் செய்தி சொல்வது. இருட்டறையில் மைக்கைப் பார்த்துச் சொல்லிவிடுவேன். எதிரே முகம் இருந்ததில்லை. என் முகத்தைப் பார்த்தே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"கான்?" என்றார். எப்போது என்று கேட்கிறார்.

சொன்னேன். மடியில் இருந்த பெட்டியைக் குனிந்து பார்த்தார். சூரியனின் மேல் கட்டை விரலை வைத்துத் தேய்த்தார்.

"கோடி?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"யாரும் போடலையா?"

"நீங்க வருவீங்கன்னு காத்திருந்தாங்க."

அவர் அழவில்லை. என் குரலை அடையாளம் கண்டுகொண்டு, "பாட்டெல்லாம் கேட்டேன், மிஸ். சுயாக்ல ஒரு நேயருக்குன்னு சொல்வீங்களே. வேற யாரு அது. நான்தான்" என்றார். பிறகு, "என்ன வாசிச்சீங்க? அதையே வாசிங்க" என்றார்.

அந்தச் சின்னத்துக்குக் கீழே, வருகிறவர் போகிறவர் பார்க்க, மனப்பாடமாக வாசித்தேன். தமிழ் அவருக்குப் புரியவில்லை. 'சுயாக் முத்தேனின் தங்கை' என்ற இடத்தில் மட்டும் தலையசைத்தார். வரவேற்புப் பெண் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

ட்ரியோலேயில்

நான் விடுப்புச் சொல்லிவிட்டு அவரோடு கிளம்பினேன். வழியில் ஒரு துணிக்கடையில் புடவை எடுத்தார். சிவப்பைத் தொட்டுப் பார்த்தவர் என்னிடம் திரும்பி, "சின்ன வயசுல சிவப்பு பிடிக்கும். அப்புறமும் பிடிச்சிதா?" என்று கேட்டார். பிடித்தது என்றேன். எனக்குத் தெரியாது. வேறு என்ன சொல்வேன்.

விக்ரம் கதவைத் திறந்தான். யாரென்று சொன்னதும் ஒதுங்கி வழிவிட்டான். அந்த வாசலை அவர் முதல்முறையாக மிதித்தார். ஜன்னலோரம் ஒரு புது எஃப்.எம். ரேடியோ இருந்தது. அதிலும் அரைச் சூரியன். கண்டக்டர் மாப்பிள்ளை நாற்காலியிலிருந்து எழவில்லை.

"ரேடியோல சொன்னோம், மாமா" என்றான் பையன். குரலை உயர்த்தவில்லை.

"எனக்கு வரலப்பா." பெட்டியின் உறையை விலக்கிக் காட்டினார். அது போதும் என்று நம்பினார் பாவம்.

பையன் அந்த ஸ்டிக்கரைப் பார்த்தான். ஜன்னலோரத்து ஸ்டிக்கரையும் பார்த்தான். "எங்களதுலயும் இதேதான் இருக்கு. எங்களுக்குக் கேட்டுதே" என்றான்.

எந்தச் சூரியனால் அவருக்குக் குரல் போனதோ அதுவே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. நான் குறுக்கே விழுந்து மத்திய அலை, எஃப்.எம்., பழைய பெட்டி என்று எல்லாவற்றையும் விளக்கினேன். முள்ளை அசைக்காமல் பெட்டியைப் போட்டு இரைச்சலைக் கேட்கவைத்தேன். பையன் பொறுமையாகக் கேட்டான்.

"சரி, மிஸ். நம்பறேன். ஆனா ரேடியோ சொன்னாத்தான் வரணும்னு யார் சொன்னா? அம்மா ரெண்டு வருஷம் சீக்கா இருந்துது."

முத்தேன் புடவையை இரண்டு கையிலும் வைத்து நீட்டினார்.

"யாருக்கு, மாமா?" என்றான் பையன்.

உள்ளேயிருந்து ஒரு பெண் எங்களுக்கு டீ கொண்டுவந்து வைத்தாள். குடித்தோம். அந்த டீயில் சர்க்கரை போட்டிருந்தார்களா என்றுகூட நினைவில்லை.

போர்ட் லூயிஸ் பஸ் நிலையத்தில் பிரிந்தோம். புடவைப் பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ரேடியோவை என் கையில் கொடுத்தார். நான் புதுப் பெட்டி வாங்கித் தருவதாகச் சொன்னேன். வேண்டாம் என்றார்.

"இனிமே யார் பேரைக் கேக்கணும் எனக்கு?"

தெற்கே போகிற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார். தொப்பியைப் போட்டுக்கொள்ள மறந்து கையிலேயே வைத்திருந்தார்.

கண்ணாடிக்குள்

அந்தப் பெட்டி நிலையத்தில் என் அலமாரியில் கிடந்தது. சில வருஷம் கழித்து நான் இந்தியா வந்திருந்த சமயம், விளம்பரப் பிரிவில் யாரோ அதைக் கண்டெடுத்துவிட்டார்கள். திரும்பிப் போய்ப் பார்த்தால் வரவேற்பறையில் கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கிறது, மேலே சின்ன விளக்கு. ஸ்டிக்கரின் ஒரு மூலையைப் பக்குவமாகப் பிரித்துவிட்டிருந்தார்கள், சூரியன், பாய்மரம், கரும்பு என்று மூன்றும் தெரிகிற மாதிரி. கரும்புக்குப் பக்கத்தில் தமிழ் எழுத்தின் ஒரு துண்டும் தெரிந்தது. கீழே அட்டையில், 'எங்கள் ஒவ்வொரு பெயரையும் நெஞ்சோடு ஒட்டிக்கொண்ட நேயரின் அன்பு' என்று எழுதியிருந்தார்கள்.

எடுத்துவிடுங்கள் என்று கேட்டேன். ஏன் என்றார்கள். சொன்னேன். மிகவும் வருத்தம் என்றார்கள். வருகிற விருந்தினர்கள் எல்லாரும் அதை ரசிக்கிறார்கள் என்றும் சொன்னார்கள்.

அதற்கு அடுத்த மழைக்காலத்தில் ஒரு விடிகாலை, அன்றைய அவிக் குறிப்புகளில் சுயாக் முத்தேன் என்று இருந்தது. மனைவி மக்கள் என்று யார் பெயரும் இல்லை. நானாக ஒரு வரி சேர்த்தேன், 'ட்ரியோலே லெச்சுமியின் அண்ணன்' என்று. நிதானமாக வாசித்தேன். யார் கேட்டார்கள், யார் போனார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வெளியே வந்தபோது வரவேற்பறையில் ஆள் இல்லை. கூண்டுக்குள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. முள் அவர் நிறுத்திவைத்த இடத்திலேயே, ஸ்டிக்கருக்கு நேராக நின்றது.